துடைத்த கண்ணாடி

நகரி

என் கண்ணு ஹரிதாவுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் உன் தம்பி சுரேஷும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க ஏழுமலையான் துணை. இங்கே மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது, தறி பாதி நேரம்தான் ஓடுகிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் வந்தபோது, உன் கல்யாண போட்டோவில் அப்பா இல்லாத குறை தீர உங்கள் நைனாவையும் சேர்க்கிறேன் என்று அவர் மூக்குக் கண்ணாடியை டிவி முன்னால் நிறுத்தினாயே. பழைய போட்டோவிலிருந்து அவரை வெட்டி எடுத்தால் கண்ணாடிக்குள் ஸ்டுடியோவின் பச்சைச் சுவரும் கூடவே வருகிறது, கல்யாணம் நடந்த திருப்பதி மண்டபத்துப் பூ அதற்குள் தெரிந்தால்தான் உயிரோடு வந்து நின்ற மாதிரி இருக்கும் என்றாய். டிவியில் கோடு கோடாக மாறியது, ஒவ்வொரு கோடும் கண்ணாடிக்குள் எப்படி வளைகிறது என்று கேமரா தானாகப் படம் பிடித்தது, அதே மாதிரி பூவையும் வளைத்து உள்ளே வைக்கலாம் என்றாய். மயிரிழை நகர்ந்தாலும் போச்சு, யாரும் தொடாதீங்க என்று தம்பியைக் காவல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நீ உன் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் பாதிப் படம் மீதிப் படத்தோடு ஒட்டவில்லை. போனில் தம்பியைத் திட்டினாய். நான் தொடவே இல்லக்கா என்றான். பக்கத்திலேயே நின்ற எனக்கு வாயில் கொழுக்கட்டை. அதோடு விட்டேனா, உனுக்கு ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா என்று நானும் ஏசினேன். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை, உன் போன் வந்தாலே அவன் தறிக் கொட்டகைக்குப் போய்விடுகிறான்.

தொட்டது நான்தான் கண்ணு. அவன் மோட்டார் போடப் போயிருந்தான், கண்ணாடியில் விரல் ரேகை தெரிந்தது, எடுத்து முந்தானையால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். இருந்த இடம் என்றுதான் நினைத்தேன். அவர் இருந்தவரை தினமும் செய்த வேலை, கை தானாகப் போய்விட்டது. பெற்ற பிள்ளைமேல் பழியைப் போட்ட பாவி நான், அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. இன்று காலை அவனிடம் சொல்லிவிட்டேன். தலை நிமிராமல் நூலை முடிந்துகொண்டே, "நீ தொடச்சிக்கினு இருந்தத வாசப்படியிலேந்து பாத்தம்மா, அக்கா உன்ன திட்டும்னுதான் கம்முனு இருந்தேன்" என்றான்.

அங்கே வரும் நம் தெருப் பத்மினியிடம் கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி இந்தக் கடிதத்தோடு கொடுத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் தம்பிக்கு போன் செய். நீயும் மாப்பிள்ளையும் மனம் நிறைந்து வாழுங்கள். மறக்காதே, மறுபடி படம் எடுக்கும் முன் கண்ணாடியை நீயே துடைத்துவிடு, நான் இந்த முறை துடைக்கவில்லை.

உன் அம்மா
ரத்னம்மா