சீமை மேஜையின் கீழ்ப்பாதி

மாமி,

பக்கத்து வீட்டில் கிறிஸ்மஸுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்த வாடை வந்ததும் என் கை தானாக முந்தானையில் துடைத்துக்கொண்டது. ஈரக்கையோடு உங்கள் மேஜைப் பக்கம் போகக் கூடாதல்லவா. நீங்கள் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

மேலநீலிதநல்லூரிலிருந்து நான் உங்கள் மருமகளாக வந்த முதல் வாரமே சொல்லிவிட்டீர்கள். "ஏட்டி, இது சீமைச் சாமான். மிஷன் பங்களா வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் கப்பல்ல கொண்டாந்து, போகையில இந்த வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்தது. தொடைக்கணும்னா தொடை. டிராயரைப் பாதிக்கு மேல உருவாத."

சீமை என்று சொல்கையில் உங்கள் குரல் தணிந்துவிடும். வேதம் வாசிக்கும்போதுகூட அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அதற்கு வார்னிஷ். பித்தளைக் கைப்பிடிகளைப் புளியங்குடி எலுமிச்சங்காய்த் தோலால் நான் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டும். பழைய மரச்சாமானை மதிப்பிடுகிறவர்கள் முதலில் தேடுவதே அந்தப் பழைய மங்கலைத்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது சிரிப்பு வந்தது. அத்தனை கிறிஸ்மஸும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதன் வயதைத் தேய்த்து எடுத்திருக்கிறோம்.

சிரிப்பு வராதது ஒன்று உண்டு. உங்கள் பேத்தி பிளஸ் டூ படித்த வருஷம். தரையில் உட்கார்ந்து சப்பாத்திப் பலகையை மடியில் வைத்து எழுதுவாள். கழுத்து வலிக்கிறதென்று ஒருநாள் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"சீமைச் சாமான்ல எழுதித்தான் கலெக்டராகப் போறாளோ? அங்கன தரையில இருந்து எழுதச் சொல்லு. மேலநீலிதநல்லூர்க் கழுத்து, வலிக்காது."

என் வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களைக் கனம்பண்ணுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் உங்கள் மூத்த மகன், பெரிய அத்தான், மேஜையை விற்க மதுரையிலிருந்து ஒரு வியாபாரியை வரச் சொன்னார். "ஏம்மா, நீதான் பழைய மரச்சாமான் பத்தி போன்ல பாத்துப் பாத்து நோட்டுல எழுதி வச்சிருக்கியே. சீமைதான்னு நாலு பாயிண்ட் எடுத்து வை" என்றார். 'எட்டாங்கிளாஸ்காரி ஆராய்ச்சி' என்று நீங்கள் சிரித்தீர்களே, மளிகைக் கணக்குக்குப் பின்பக்கம் நான் எழுதி வந்த அந்த நோட்டைத்தான் சொன்னார்.

ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொட்டேன். மேல்பாதி, அந்தச் சாய்வுப் பலகையும் சின்னச் சின்ன அறைகளும், ஓக் மரம். ஓக்குக்கே உரிய வெள்ளிக் கீற்று பலகையின் குறுக்கே ஓடுகிறது. அது சீமைதான், பொய்யில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கீழே இருக்கும் இழுப்பறையை முழுதாக உருவினேன். வார்னிஷ் படாத உள்மரத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் மஞ்சள் இறங்கியது. ஈரம் பட்டால் அப்படிச் சாயம் விடுகிற மரம். வேங்கை. நம் மேற்கு மலை வேங்கை. கவிழ்த்தேன். அடிப்பலகையில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. ஓரத்தைத் தொட்டதும் பெயர்ந்து வந்தது. அதற்கடியில் பென்சிலால், தமிழில், தச்சர் யாரோ எழுதி வைத்த அடையாளம்: 'இடது கீழ்.'

கப்பலில் வந்தது மேல்பாதி மட்டும். அதைச் சுமக்கிற பாதி இங்கே செய்தது.

அதற்காக எனக்குக் கோபம் இல்லை, மாமி. தாளின் பின்னால் இரண்டு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. பசை வாங்காமல் சோற்றை நசுக்கி ஒட்டுகிற ஆள் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என் மகளைத் தரையில் உட்கார வைத்தீர்கள்.

கண்டதை நான் முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. வியாபாரி வந்து, "எல்லாம் ஒரே காலத்துச் சாமானா?" என்று கேட்டார். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் இழுப்பறையை உருவிக் கவிழ்த்து வைத்தேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று எழுத ஆசைதான். அது பாதி. மீதி என்னவென்று கர்த்தருக்குத் தெரியும்.

"இது மேரேஜ் பீஸ்மா" என்றார் வியாபாரி. வேறு வேறு இடத்துச் சாமான் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினால் அந்தத் தொழிலில் கல்யாணம் என்றுதான் சொல்வார்களாம். "கல்யாணம் ஆனதுக்கு மதிப்பு கிடையாது." டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்குத் தெரியாத செய்தியா?

அத்தான் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "வந்தவளுக்கு வீட்டு மானம் எங்கன தெரியப் போவுது? நீயே வச்சுக்கோ அதை."

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ நான் அதுல எழுதியிருக்கலாம்லா, அம்மா?"

இதை அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த வருஷம் வார்னிஷ் இல்லை, எலுமிச்சங்காயும் இல்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று தினம் ஜெபத்தில் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. சற்றுமுன் பேனா எடுக்க இழுப்பறையை இழுத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. பேனா பின்னால் உருண்டு கிடந்தது. விரல் நுனியால் துழாவித்தான் எடுத்தேன்.