ஆர்த்தி திறந்த பெட்டி

வேங்கிக்கால்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் வல்லரசுக்கு அப்பா சக்கரபாணி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தோஹாவில் வெயில் எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதி, இன்று அங்கே புறப்படும் நம் தெரு பிரகாஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கீழ்பென்னாத்தூர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று; கடலை நல்ல திரட்சி. உன் அம்மாவுக்கு முட்டிவலி கம்மி.

இனி உன் மனைவி விஷயம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்த்தியை அழைத்துவர, ரமணாசிரமம் பக்கம் அவள் வேலை பார்க்கும் விடுதிக்கு மொபெட்டில் போனேன். அங்கே ஒரே கூச்சல். இத்தாலியிலிருந்து தனியாக வந்து தங்கியிருந்த ஓர் அம்மா மூச்சுவிட முடியாமல் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். கையைத் தூக்கிக் காட்டக்கூடத் தெம்பில்லை. "கியாவே, கியாவே" என்று மட்டும் முனகினார்.

"பெத்த பிள்ளைய கூப்புடுது போல" என்று சமையல்கார ராஜம்மாள் அழுதாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஓடிவந்த ஆர்த்தி ஒரு நொடி உற்றுக் கேட்டாள். "சாவி கேக்குறாங்க மாமா!" என்றவள், அந்த அம்மாவின் கைப்பையில் துழாவிச் சாவியை எடுத்துப் பூட்டிய பெட்டியைத் திறந்தாள். ஆஸ்துமா மருந்து உள்ளே இருந்தது. அதை உறிஞ்சிய பிறகுதான் அந்த முகத்தில் உயிர் வந்தது. வெகுநேரம் அவர் ஆர்த்தியின் கையை விடவில்லை.

திரும்பும்போது செங்கம் ரோட்டில் டீக்கடையில் நிறுத்தி, இத்தாலி பாஷை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க மாமா. மத்த பாஷைங்கள விடுதிக்கு வர்றவங்ககிட்ட கேட்டு கொஞ்சம் கத்துக்கிட்டேன். சாவிக்கு பிரெஞ்சுல கிளே, ஸ்பானிஷ்ல யாவே, போர்ச்சுகீசுல ஷாவி. எல்லாம் லத்தீன்ல கிளாவிஸ்ங்கற ஒரே சொல்லுலேர்ந்து வந்தது. கியாவேவும் அந்த குடும்பமாதான் இருக்கும்னு தோணுச்சு. நம்ம சாவியே போர்ச்சுகீசுக்காரங்க கப்பல்ல வந்ததுதான். ஸ்பானிஷ்ல கிளாவேன்னு இன்னொண்ணு இருக்குது, புதிருக்கு விடைன்னு அர்த்தம்."

பொழுதுக்கும் வாயில் புழங்கும் சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. டீ ஆறிப்போனது. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

புதுச்சேரியில் மொழிபெயர்ப்புப் படிப்புக்கு இடம் கிடைத்தும், நீ வேண்டாமென்ற நாளிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உன்னைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதுமில்லை.

இன்று காலை, நீ சம்மதித்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு நீயே கூப்பிட்டுச் சொல்வாய் என்றும் சொன்னேன். அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தாள். உன் அம்மா அதற்குள் அவளுடைய துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கூப்பிடு சாமி. உன் அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே.

அண்ணாமலையார் உன்னோடு இருக்கட்டும்.

அப்பா,
சக்கரபாணி.