மாம்பழத்தின் மேல் நீ போர்த்திய துணி

கள்ளழகர் ஆற்றில் இறங்காமல் போனாரே, மாட்டுத்தாவணியில் பஸ்ஸெல்லாம் வரிசையாகத் தூங்கிக் கிடந்ததே, அந்தக் கொரோனா வருஷத்துச் சித்திரை. அதன் வாசம் நேற்று எங்கள் வீட்டுக்குள் வந்தது, மாப்ள. மருமகள் கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே காய்ந்த மாம்பழத் துண்டுகள். இரண்டு வயதுப் பேரன் கையில் ஒன்றைக் கொடுத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு இதுவரை என் கையால் ஒரு வாய் ஊட்டியதில்லை. ஊட்ட விடுவதில்லை. அதற்குக் காரணம் நீ.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதுகிறார். "அட்ரஸ் என்னண்ணே போட?" என்றார். தத்தனேரி சுடுகாடு என்று போடச் சொன்னேன். போன மாசம் உன்னை அங்கேதானே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தச் சித்திரையில் செல்லூரில் ஒரு தறிச் சத்தம் இல்லை. நீ மேஸ்திரியாக இருந்த சாயப்பட்டறையும் பூட்டிக் கிடந்தது. என் பேத்திக்கு அப்போது மூன்று வயது. மிட்டாய் வேண்டும் என்று அழுவாள், கடை இருக்காது. அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் விற்க வழியில்லாமல் மாம்பழத்தை டெம்போவில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். ஒரு கூடை வாங்கினேன். பழத்தைப் பிசைந்து, நார் போக வடிகட்டி, அடுப்பில் கொஞ்சம் சுண்ட வைத்து, நெய் தடவிய தட்டுகளில் தோசைக் கனத்துக்கு ஊற்றி, மொட்டைமாடியில் வைத்தேன். சர்க்கரை ஒரு சிட்டிகை போடவில்லை. மூன்று வெயில் காய்ந்தால் தோல் மாதிரி உரிந்து வரும். பிள்ளை தொண்டையில் சிக்காமல் இருக்க ரிப்பன் போல மெல்லிசாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெங்காயம் உரிக்காத மனுஷன் பேத்திக்குச் சமையல்காரன் ஆகிவிட்டான் என்று என் பெண்டாட்டி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் நீ மாடி ஏறி வந்தாய். ஈ மொய்க்காமல் இருக்க என் பழைய வேட்டியைத் தட்டுகளின் மேல் கட்டியிருந்தேன்.

"என்ன மச்சான், மாம்பழத்துக்கு வேட்டி கட்டி விட்ருக்க. அதுலயும் இம்புட்டு ஓட்டை. காக்கா மூக்க நுழைக்குது பாரு. இரு, வாரேன்."

போனாய். ஒரு சிவப்புத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாய். கூடவே என் தங்கச்சியும் வந்தாள். என் பெண்டாட்டி அங்கேயே நின்றிருந்தாள்.

"சாயம் விடாதுல்ல?" என்று நான் கேட்டேன். கேட்டேனா இல்லையா, மாப்ள?

"யாருகிட்ட கேக்குற? முப்பது வருஷ மேஸ்திரிய்யா நான். ஏழு தண்ணி அலசுனது."

அது ஒரு தண்ணீர்கூடப் பார்க்காத துணி. திடீரென்று பட்டறையைப் பூட்டச் சொன்னபோது, சாயத்தில் முக்கி எடுத்தது அப்படியே காய்ந்து கிடந்திருக்கிறது. அதை எடுத்து வந்து பிள்ளை தின்னும் பண்டத்தின் மேல் போர்த்தினாய். அன்று பிற்பகல் பத்து நிமிஷம் கோடை மழை தூறியது. மறுநாள் தட்டைப் பார்த்தால் பழம் ஒரு மாதிரி சிவந்திருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெயில்ல வேகுதுல்ல, செவக்கத்தான் செய்யும்," என்றாய். சாயம் தெரிந்தவன் சொல்கிறானே என்று நம்பினேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பேத்தி ஆசையாகத் தின்றாள். மறுநாள் காலையில் சிவப்பாக வாந்தி எடுத்தாள். மருமகள் ரத்தம் என்று அலறிவிட்டாள். என் மகன் பிள்ளையை வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் போலீசிடம் கெஞ்சி, ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ரத்தம் இல்லை, ஏதோ சாயம், என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நான் உன் துணியைச் சொன்னேன். நீ கதவில் சாய்ந்து நின்றாய்.

"என் துணியா? எங்க இருக்கு, காட்டு. பிள்ளைக்குப் பிடிக்கட்டும்னு கலர் பவுடர் போட்டுக் கிண்டிருப்ப மச்சான். வயசாயிருச்சுல்ல, மறந்திருப்ப."

மாடிக்கு ஓடினேன். உன் துணியை நான் உலர்த்திப் போட்டிருந்த கொடி வெறுமையாக இருந்தது. எட்டிப் பார்த்தால், உன் வீட்டுக் கொல்லையில் என் தங்கச்சி வாளியில் அந்தத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குங்குமமாக ஓடியது. நான் கீழே வந்து சொல்லி, மகனை மாடிக்குக் கூட்டிப் போவதற்குள் வாளியும் இல்லை, துணியும் இல்லை. என் பெண்டாட்டியும் சொன்னாள். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள். "மாமா மேல ஏம்ப்பா பழி போடுறீங்க," என்றான் என் மகன்.

மறதி என்றாயே, எனக்கு. நீ அன்று போட்டிருந்த சட்டையில் இரண்டாவது பித்தான் இல்லை. பேசும்போது வலது காலால் இடது காலைச் சொறிந்துகொண்டே இருந்தாய். இன்னும் சொல்லவா?

அன்றிலிருந்து நான் உரித்த வாழைப்பழம்கூடப் பிள்ளைகளுக்கு ஆகாது. "தாத்தாகிட்ட எதுவும் வாங்கித் திங்கக் கூடாது," என்று மருமகள் என் காதுபடவே சொல்லுவாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்றவள், பயந்துவிட்டாள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சுவர் ஒட்டிய வீட்டிலேயே இருந்துகொண்டு, என் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் போய் வந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ செத்த அன்று நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். பிறந்த வீட்டுக் கோடித்துணியை நான்தான் கொண்டுவந்து என் தங்கச்சிக்குப் போட்டேன். உனக்காக அழவில்லை. காரியம் முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன்.

"இப்பவாச்சும் என் மருமககிட்ட ஒரு வார்த்தை சொல்லுத்தா."

"போனவரை சந்தி சிரிக்க வைக்கணுமாண்ணே?"

"என் பொழப்பு அஞ்சு வருஷமா சிரிப்பாச் சிரிக்குதே, அது?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்று மறுபடி போகிறேன், மாப்ள. இந்த வருஷத்து மாம்பழம் இன்னும் பதினைந்து நாள்தான் வரும். பேரனுக்குக் கடைவாய்ப் பல்லும் வந்துவிட்டது. அவள் வாய் திறக்கும்வரை அந்த வாசலிலேயே உட்காரப் போகிறேன். நீ துணியைப் போர்த்தியபோது மாடியில் இருந்தவர்கள் என்னைச் சேர்த்து நாலே பேர். என் பெண்டாட்டி அடுத்த ஆடியில் போய்விட்டாள். நீ போய்விட்டாய். என் பேச்சை யாரும் எடுக்கப்போவதில்லை. சாட்சி என்று உயிரோடு மிச்சம் இருப்பது உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, பஞ்சவர்ணம்.