அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

அன்புள்ள என் அம்மாவுக்கு,

1969 ஜூலை 9, புதன்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். நீ போய் இன்றோடு நூற்றுப்பதினோரு நாள். மின்வெட்டு என்று பனியன் கம்பெனியை மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். அப்பா தூங்குகிறார். வேலம்பாளையத்தில் காற்றே இல்லை.

சபைப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார் போதகர். எழுத உட்கார்ந்தால் எல்லாம் கல்லறை வாசகம் மாதிரி வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் முதுகுப் புண் பாதி ஆறிவிட்டது. கட்டிலின் தலைப்பக்கம் ஏறி இறங்க, கம்பெனியில் கழித்துப் போட்ட இரண்டு பல்சக்கரங்களை வைத்து ஒரு கைப்பிடி செய்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம் ஏறும். ஆறு வருடமாக நீ அவரைத் தோளில் தாங்கித் தூக்கி உட்கார வைத்தாயே, அப்போது ஏன் எனக்கு இது தோன்றவில்லை? பகலில் பக்கத்து வீட்டு ராமாத்தாக்கா பார்த்துக்கொள்கிறார். முருகன் கோயில் திருநீற்றை அப்பாவுக்குப் பூசலாமா என்று ஒரு நாள் கேட்டார். வேண்டாங்க்கா என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கும் களி கிண்டிக் கொண்டுவந்தார்.

இனி, உனக்குச் சொல்லாமல் விட முடியாத விஷயம்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பாவுக்கு 1963இல் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நீ அதே கம்பெனிக்குப் பனியன் மடிக்கப் போனாய். நான் கோயம்புத்தூருக்குத் தினமும் போய்வந்து டிப்ளமோ படித்து, பின்னல் மிஷின் மெக்கானிக் ஆனேன். தினமும் மாலை ஆறரைக்கு நீ அப்பாவின் செத்த கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஜெபிப்பாய். அலங்காரமெல்லாம் கிடையாது. "ஆண்டவரே, இன்னிக்கு இவரு ரெண்டு இட்லி தின்னாரு, ஸ்தோத்திரம். நாளைக்கு ஒரு நாளைக்குத் தெம்பு குடுங்க." அவ்வளவுதான்.

எனக்கு அதில்தான் எரிச்சல்.

"ஆறு வருசமா தெனம் ஒரு நாளைக்கே கேட்டுட்டிருக்கறயேம்மா, மொத்தமாக் கேட்டா என்ன?"

"மொத்தமாக் குடுத்தா எங்க கண்ணு வெக்கறது? இருக்கறது ஒத்த ரூமு."

நீ முடித்ததும் அப்பா "ஆமென்" என்பார். தெளிவாக, பழைய கட்டிங் மாஸ்டர் குரலில். தண்ணீர் என்று சொல்ல வராது. உன் பெயர் வராது, என் பெயர் வராது. அந்த ஒரு சொல் மட்டும் வரும். சபையில் அதை அற்புதம் என்றார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து உனக்குப் பாடம் நடத்தினேன். பேச்சுப் போனாலும் பழகிப்போன சொற்கள் சில பேருக்கு மிஞ்சும், இது வெறும் பழக்கம் என்றேன். நீ பனியன் மடித்த கைகளைப் பிசைந்தபடி சிரித்தாய்.

"பழக்கமாவே இருக்கட்டும் கண்ணு. நீ பல்லு வெளக்கறதும் பழக்கந்தான். அதுக்காக உட்டர்றயா?"

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை உன்னிடம் மறைத்துவிட்டேன். சொல்லாமல் கிடந்தால் அந்தச் சொல்லும் போய்விடலாம் என்றார்.

நீ போன பிறகு அப்பா அதைச் சொல்லவில்லை. அடக்க ஆராதனையிலும் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். எனக்குப் பயம் பிடித்தது. உன்னைக் கொடுத்தாகிவிட்டது, அவர் குரலையும் கொடுக்க வேண்டுமா?

பழுது பார்க்கிறவன் புத்தி எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். முதலில் நேரடியாக, "அப்பா, ஆமென் சொல்லுங்க" என்றேன். வெறித்துப் பார்த்தார். பிறகு ஆராதனைப் புத்தகத்தை எடுத்து, ஆறரை அடித்ததும் ஒரு ஜெபத்தைக் கடகடவென்று வாசித்து "ஆமென்" என்று முடித்துவிட்டு அவர் வாயையே பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போதகர் வந்து ஜெபித்தார். அதற்கும் ஆமென் வரவில்லை.

சபையில் எஸ்தரக்கா நடத்தும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நம் வீட்டில் வைத்தேன். அக்கா முக்கால் மணி நேரம் ஜெபித்தார். தேசத் தலைவர்களுக்கு, மழைக்கு, பல்லடத்தில் இருக்கும் தம் மருமகளின் பிரசவத்துக்கு. அப்பா குறட்டை விட்டார்.

"ஏந்தம்பி, அண்ணனுக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சாட்ட இருக்குதே?"

"விசுவாசம் கொறையலீங்க்கா. உங்க ஜெபந்தான் நீண்டு போச்சுங்க."

அதோடு கூட்டம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாய்.

நேற்று கம்பெனியில் ஒரு மிஷின் காலையிலிருந்து உயிரை வாங்கியது. ஊசி மாற்ற மாற்ற உடைந்தது. பின்னி வந்த துணி முழுக்க ஓட்டை. மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் படுக்கை நனைந்து கிடந்தது. துடைத்து, துணி மாற்றி, நகம் வெட்டலாம் என்று அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஜெபிக்கும் எண்ணமே இல்லை. பேச்சு தானாக வந்தது.

"ஆண்டவரே, எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா இன்னிக்கு அரை டம்ளர் கஞ்சிதான் குடிச்சாரு. பன்னெண்டு ஊசி ஒடஞ்சு போச்சு. எங்கம்மா தெனம் ஒரு நாளைக்குத்தானே கேட்டுது? இன்னும் கொஞ்ச நாளு குடுத்திருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்? எனக்குக் கோவமா இருக்குது. ஆனா உங்கள உட்டா எனக்கும் கேக்கறதுக்கு ஆளில்லீங்க. நாளைக்கு ஒரு நாளைக்குத் தெம்பு குடுங்க. இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன்..."

அந்த ஜெபத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நகவெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது.

"ஆமென்" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அழுதார். நானும்தான். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. என் கோபத்துக்குமல்லவா ஆமென் போட்டிருக்கிறார்!

காரணம் கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. ராமாத்தாக்காவிடம் போனேன். இடையில் ஒரு சுவர்தானே, ஆறு வருடமும் கேட்டிருப்பார்.

"ஏனுங்க்கா, அம்மா ஜெபம் பண்ணி முடிக்கறப்ப ஆமென் சொல்லுமுங்களா?"

"உங்கம்மா எங்கீங்க தம்பி சொல்லும்? அது கம்முனு இருக்கும். கொஞ்ச நேரங்கழிச்சு அண்ணன் கொரலு கேக்கும். செல நாளு நானு கஞ்சியே வடிச்சிருவேன், அதுக்கப்பறந்தான் அண்ணன் சொல்லுவாரு. நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே, தெரியாதுங்களா?"

தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. ஆறு வருடம் நீ அந்தச் சொல்லை உன் வாயால் சொல்லாமல் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய். அது வந்து சேரும் வரை காத்திருந்திருக்கிறாய். நானும் போதகரும் எஸ்தரக்காவும் நாங்களே சொல்லி முடித்துவிட்டு, அவர் ஏன் சொல்லவில்லை என்று பார்த்தோம். எவ்வளவு நேரம் காத்திருப்பாய் அம்மா? வரத் தாமதமான நாட்களில் பயமாக இருந்ததா? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கடிகாரம் வைத்து அளந்திருப்பேன் என்றா?

உன் விசுவாசம் எனக்கு வந்துவிட்டதா என்று கேட்காதே. இன்று காலை எழுந்தபோது, கேட்ட தெம்பு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கழற்றிப் பார்க்கக் கை பரபரக்கிறது. கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

மணி ஆறாகப் போகிறது. இனி நான் செய்யப்போவது:

1. எனக்கு மாலை ஷிப்ட் போடவே வேண்டாம், எப்போதும் காலை ஷிப்டே கொடுங்கள் என்று நாளை மேனேஜரிடம் கேட்பேன். ஆறரைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும்.

2. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எஸ்தரக்காவிடம் மன்னிப்புக் கேட்பேன். ஜெபம் நீளம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் கூட்டத்தை நம் வீட்டுக்கே திரும்ப அழைப்பேன், கடைசிச் சொல்லை மட்டும் அப்பாவுக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லி.

3. ஒரு நாளைக்கான தெம்பு மட்டும் கேட்பேன். மொத்தமாகக் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்வேன்.

4. அந்தச் சொல்லும் அப்பாவுக்கு வராமல் போகும் மாலை ஒன்று வரலாம். அன்றைக்கும் ஜெபிப்பேன். முடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பேன். நன்றாகக் காத்திருந்த பிறகு, அவருக்காக நான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே பிள்ளை,
தானியேல்