ஆமை ஓட்டைக் கழற்றாது

மார்ச் 11, செவ்வாய்

வெயில். மின்விசிறிக் காற்றே அனல். மாத இதழ் வந்தது. குறுக்கெழுத்தின் கீழே வழக்கம்போல் ‘அமைப்பு: கோ. தனசேகரன்’. மூன்று வருடமாக அமைப்பவன் நான். இதழ் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் பக்கத்து மேஜை தனசேகரன். பேர் வேண்டாம் என்றது நான்தான். அதற்காகத் தன் பேரைப் போட்டுக்கொள்வதா?

டைப்பிஸ்ட் கோமதி: “தனசேகர் சார் பின்றாரு! ‘தலை போன ஊஞ்சலில் கிளி, ஓடுதான் மிச்சம்.’ கிளிஞ்சல்! பார்த்தீங்களா சார்?”

பார்த்தேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தது.

13, வியாழன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், பஸ்ஸை எங்கேயோ மறித்துவிட்டார்கள். வேங்கிக்கால் ஆபீஸ் வரை நடை. வழியெல்லாம் தனசேகரனிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். காரசாரமாக வந்தது.

ஆபீசில் அவனே முந்திக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை லைப்ரரில இதழோட வாசகர் கூட்டம், என்னைப் பேசக் கூப்ட்ருக்காங்க, வந்துடுங்க சார். நீங்க ஒண்ணும் பேச வேணாம், கை தட்டுனா போதும்.”

சரி என்றேன். சரியாம்!

பல்வலி. கிராம்பு வாங்க மறந்தது.

16, ஞாயிறு

கூட்டம். முப்பது பேர் இருக்கலாம், முன்வரிசையில் இதழ் ஆசிரியர். கீழ்பென்னாத்தூர் விலங்கியல் டீச்சர் எழுந்தார், கையில் இதழ்.

“போன மாசம், ‘கூச்சம் விட்டால் ஓட்டைக் கழற்றிவிட்டு வருவார்.’ விடை ஆமைன்னு போட்ருக்கீங்க. ஆமை எங்க சார் ஓட்டைக் கழட்டும்? முதுகெலும்பே அதோட ஒட்டிக்கினு இருக்கு. கழட்டுனா செத்துடும். நண்டுதான் கழட்டும்.”

சிரிப்பு. தனசேகரன் மைக்கில்: “அது நான் போட்டதில்லீங்க. தோ, எங்க ஆபீஸ் ஏழுமலை சார் எழுதிக் குடுத்தது.”

மூன்று வருடத்தில் முதல் தடவை என் பேர். தப்புக்கு.

எழுந்தேன். “தப்பு என்னுதுதான் மேடம்.” அதோடு உட்கார்ந்திருக்கலாம். “கிளிஞ்சலும் என்னுதுதான். மூணு வருஷமா எல்லாமே.”

தனசேகரன் மைக் ஒயரைச் சரி செய்தான்.

டீச்சர்: “அப்ப ஏன் சார் பேரு போடல?”

எத்தனை குற்றச்சாட்டு தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது, “கூச்சம் மேடம்.”

மறுபடி சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை. படி இறங்கும்போது டீச்சர் சொன்னார்: “கழட்டுன நண்டு மெத்துனு இருக்கும் சார். புது ஓடு கெட்டியாவுற வரைக்கும் பொந்த விட்டு வராது.”

17, திங்கள்

காய்ச்சல் என்று லீவ். காய்ச்சல் இல்லை. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. சட்டைகளை இரண்டு தரம் மடித்தேன்.

பதினொன்றுக்கு ஆசிரியர் போன். “அடுத்த இதழ்ல உங்க பேருதான் சார். இனிஷியல் என்னா?”

“வே.”

வைத்த பிறகு தனசேகரனை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.