பாதை சரிண்ணே, வாங்க

போர் நாள் 94, காலை 06:10. கானிமீட் நிலவு, துறைமுக வாசல் நிலையம்

வழிகாட்டி மாலுமி ரெஜினா பர்னாந்து எழுதுகிறேன். காற்றழுத்தம் சரி. கதிர்வீச்சு வழக்கம்போல். காபி இயந்திரம் நாலாவது நாளாகப் படுத்துவிட்டது, கேட்பாரில்லை.

செவ்வாய்ப் படை எங்கள் கப்பல் பாதையில் கண்ணிவெடி தூவி இருபது நாள் ஆகிறது. எல்லாவற்றையும் அகற்றியாகிவிட்டது என்று தளபதி நீலமேகம் கையெழுத்திட்ட அறிக்கை நேற்று வந்தது. இன்று காலிஸ்டோ நிலவிலிருந்து ஐந்து கப்பல்கள் வருகின்றன. காலிஸ்டோ இந்தப் போரில் யார் பக்கமும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்டவர்களை ஏற்றிப் போகத்தான் வருகிறார்கள். டாக்டர், நர்ஸ், மாலுமி எல்லாருமாக முன்னூற்றுப் பத்துப் பேர்.

செவ்வாய்க்காரன் ஒருமுறை பொய் சமிக்ஞை அனுப்பி ஏமாற்றியதிலிருந்து காலிஸ்டோக்காரர்கள் இயந்திரத்தை நம்புவதில்லை. தெரிந்த மனிதக் குரல் வேண்டும். முன்னால் வரும் கப்பலின் கப்டன் தவராசாவைப் பதினோரு வருடத்தில் அறுபத்திரண்டு தடவை உள்ளே கொண்டுவந்தவள் நான்தான்.

“பிள்ளை, பாதை சரியோ? உன்ர வாயால சொல்லு.”

“பாதை சரிண்ணே, வாங்க. திங்க ஏதாச்சும் கொண்டாறியளா?”

“மாம்பழம் கிடக்கு. கதையை விட்டிட்டு வேலையைப் பார்.”

09:40

கண்ணி அகற்றும் படகுகள் நிற்கும் கொட்டகைக்குப் போனேன். மூன்றின் மூக்கிலும் பனி கெட்டியாக உறைந்து கிடக்கிறது. எரிபொருள் தொட்டிகள் ததும்ப நிறைந்திருக்கின்றன. இருபது நாளாக ஒன்றுகூட நகரவில்லை.

இன்டர்காமில் தளபதியைக் கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை.

“காலிஸ்டோக்காரன் வேடிக்கை பாத்துட்டிருக்கான்மா. செவ்வாய்க் கண்ணில அவன் ஆளுங்க நூறு பேர் செத்தா, நாளைக்கே நம்ம பக்கம் வந்து நிப்பான். தனியா நம்மால ஒரு மாசம் தாங்க முடியாது. நீ செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டே. இனிமே வாயைத் திறக்காதே.”

ஒரு மாசம் தாங்க மாட்டோம் என்பது உண்மை. ஆனாலும் என் பேச்சை நம்பித்தானே அந்த மனுஷன் புறப்பட்டு வந்தார்.

10:25

வானொலி மெக்கானிக் சூசையிடம் சொன்னேன். கப்பல்களை எச்சரிக்க அவர் நேரே போய்க் கருவியைத் திறந்தார். வானொலிக்குத் தளபதி போட்டிருந்த காவலன் சுட்டான். முதல் குண்டில் மூன்று விரல்கள் பலகைமேல் விழுந்தன. சூசை மற்றக் கையால் பொத்தானைத் தேடினார். இரண்டாவது குண்டு கழுத்தைக் கிழித்துக் கருவிக்குள் இறங்கியது. ரத்தம் கூரைவரை போனது. இங்கே ஈர்ப்பு குறைவு. ஆடி அசைந்துதான் கீழே வந்தது, என் முகத்தில், என் வாயில்.

ஸ்பேனரை எடுத்துக் காவலன் மண்டையில் அடித்தேன். ஒரு அடி போதவில்லை. நாலு அடித்தேன். சட்டையில் வழுதி என்று பெயர் இருந்தது. நேற்று எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன்.

வானொலி செத்துவிட்டது.

11:05. வழிகாட்டிப் படகு

கிளம்பும்போது பின்னாலிருந்து சுட்டார்கள். இடது தோள்பட்டை போய்விட்டது. உடையின் ஓட்டையை நுரை அடைத்துக்கொண்டது, ரத்தம் உள்ளே இடுப்புவரை இறங்குகிறது. இந்தப் படகில் பேசும் கருவியைப் போர் தொடங்கியதுமே பிடுங்கிவிட்டார்கள். கேட்க மட்டும்தான் முடியும். கேட்டேன்.

“பிள்ளை, பாதைக்குள்ள திரும்பவோ?”

“பாதை சரிண்ணே, வாங்க.”

என் குரல். நான் பேசவில்லை. தளபதியிடம் இருக்கும் இன்னொரு கருவியில் பழைய பதிவுகளில் ஒன்றை எடுத்து ஓட்டுகிறார்கள். பாவிகள், சிரிப்பைக்கூட வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

11:40

அவர்களை நோக்கிப் பாதை வழியே போகிறேன். நிறுத்தச் சொல்ல விளக்கை விட்டு விட்டு எரித்தேன். மடத்தனம். வழிகாட்டிப் படகின் வெள்ளை விளக்குக்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: இந்தப் பாதையில் வா.

“உன்ர விளக்கைக் கண்டனான் பிள்ளை. அதைப் பாத்து வாறம்.”

வேகத்தைக் கூட்டிவிட்டார். விளக்கை அணைத்தேன்.

“விளக்குப் போச்சுதோ? பரவாயில்லை. பாதை தெரியுது.”

11:58

முதல் கண்ணி எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறது. அவர் கப்பல் அதைத் தொடப் பன்னிரண்டு நிமிடம். நிறுத்த எட்டு நிமிடம் வேண்டும். எனக்கு மூன்று நிமிடம் போதும்; கிட்டப் போனால் கண்ணி தானே தேடி வந்து மோதும்.

படகு உடைந்தால் இந்தக் குறிப்புப் பெட்டி தனியே கழன்றுவிடும். அண்ணே, வெடியைப் பார்த்ததும் நிறுத்துங்கள். காலையில் நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு கேட்டது எதுவும் நான் இல்லை. பயமாக இருக்கிறது. தோள் வலிக்கிறது. மாம்பழத்தைச் சூசை வீட்டில் கொடுத்துவிடுங்

கண்ணி என் பக்கம் திரும்பிவி

16:20. வேறொருவர் பதிவு

கப்டன் தவராசா எழுதுகிறேன். வெடியைக் கண்டு ஐந்து கப்பல்களையும் நிறுத்தினோம். முன்னூற்றுப் பத்துப் பேரும் உயிரோடு இருக்கிறோம். பெட்டியை எடுத்த இடத்தில் ஒரு கையுறையும் மிதந்தது. உள்ளே கை இருந்தது.

இதை எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் சபைக்கும் அனுப்பினேன். செவ்வாயின் கண்ணி எங்களைக் காத்த பிள்ளையைக் கொன்றிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது: கானிமீட்டின் பக்கம் நின்று போரில் சேருகிறோம். நீலமேகம் கேட்டது கிடைத்துவிட்டது.

ஒப்பந்தத்தின் முதல் வரியை நான் எழுதினேன். காலிஸ்டோக் கப்பல் ஒவ்வொன்றும் வருமுன் தளபதி நீலமேகம் வழிகாட்டிப் படகில் இந்தப் பாதை முழுவதும் வர வேண்டும். படகின் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். கானிமீட் சபை இருபது நிமிடத்தில் கையெழுத்திட்டது.

இப்போது முதல் பயணம். அவர் படகில் பேசும் கருவி பொருத்தச் சொல்லியிருந்தேன். பாதை சரியோ என்று கேட்டேன்.

“சரி, சரி” என்று அழுகிறார்.

வெள்ளை விளக்கு தெரிகிறது. இரண்டாவது கண்ணிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.