பத்துக்குப் பதில் இருபது

மார்ச் 6

அன்புள்ள என்னங்க,

போனில் பேசினால் உங்களைச் சுற்றி எட்டுப் பேர் காது கொடுக்கிறார்கள். அதனால்தான் கடிதம். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள், கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிவிட்டு நீங்கள் மட்டும் புழுங்குகிற அறையில் படுக்கிறீர்களாமே. சிரித்தேன், பிறகு பாவமாக இருந்தது.

பெரிய செய்தி ஒன்று. நான் நின்றேன்! நேற்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முழுசாகப் பத்து நிமிடம் நின்று வெங்காயம் நறுக்கினேன். இரண்டு வருடமாகத் துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடந்த கால்கள்!

ஆனால் அதற்கு முன்பு ஒரு வாரம் படாத பாடு பட்டேன். நீங்கள் நிரப்பிவிட்டுப் போன மாத்திரை டப்பா தீர்ந்ததும், டாக்டர் சீட்டைக் கொடுத்து நானே அந்தக் கால் இழுப்பு மாத்திரையை, பேக்லோஃபெனை, வாங்கினேன். மூன்றாம் நாள் இரண்டு காலும் கட்டையாக விறைத்து, வியர்த்துக் கொட்டி, சுவரில் யாரோ நடப்பது போல் தெரிந்தது. துணைக்கு வந்து தங்கியிருக்கிற என் அக்காதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் எடுத்ததுமே, "மாத்திரையைத் திடீர்னு குறைச்சீங்களா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் போடுவார் டாக்டர், ஒரு வேளை தப்பாது" என்றேன். எனக்குப் பெருமை வேறு.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நரம்பு நோய் இப்படி ஆட்டம் காட்டினால் வீரியமான ஊசிக்கு மாற வேண்டியிருக்கும் என்கிறார். பக்க விளைவுகளை அவர் அடுக்கிக்கொண்டே போக, பாதியிலேயே போதும் என்றேன். இருபதாம் தேதி முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
வேலை போன கட்டிங் மாஸ்டர்


மார்ச் 12

என் கட்டிங் மாஸ்டருக்கு,

ஊசிக்குச் சரி என்று சொல்லிவிடாதே. முதலில் இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு.

ஆட்டம் காட்டியது நோய் இல்லை, நான். டாக்டர் எழுதியது பத்து மில்லிகிராம். டப்பாவில் நான் போட்டு வந்தது இருபது. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மருந்துக் கடைக்காரர் பழக்கமானவர், சீட்டுக் கேட்கவில்லை. கால் இழுத்து நீ கத்தும்போதெல்லாம் எனக்கு உயிரே போய்விடும். இருபது போட்ட பிறகு நீ தூங்கினாய். உண்மையைச் சொன்னால், நானும் தூங்கினேன்.

உன் கால் துவண்டபோது நோய் முற்றுகிறது என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பிறகுதான் மாத்திரையோடு வந்த தாளைப் படித்தேன். அளவு கூடினால் கால் தளரும் என்று அதில் இருந்தது. படித்த பிறகும் குறைக்கவில்லை. தையல் கடை வேலையை விட்டுவிட்டு வந்து நீ அழுதாயே, அன்று உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்குத் தெரியும்.

புறப்படும்போதாவது சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று குறைத்தால் ஆபத்து என்பதும் அதே தாளில்தான் இருந்தது. வாய் வரவில்லை. மன்னித்துவிடு என்று எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை.

இங்கே கம்பெனியில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். உன் பதில் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். வந்துவிடட்டுமா?

உன்,
வீட்டுக்காரன்


மார்ச் 24

உங்களுக்கு,

டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவரை நான் திட்டணுமா, நீங்களே திட்டிக்கிறீங்களா?" என்றார். ஊசி வேண்டாம். பத்தே தொடரும். என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டுமாம். பலமில்லாத காலை அந்த விறைப்புதான் நிற்க வைக்கிறதாம். முழுசாக இளக்கிவிட்டால் ஆள் சரிந்துவிடுவாராம். காலை நீட்டி மடக்கப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னமும் இழுக்கிறது. கத்துகிறேன். "இன்னும் சத்தமா கத்துடி, சரியா கேக்கல" என்று அக்கா பக்கத்து அறையிலிருந்து வம்புக்கு இழுக்கிறாள்.

கடை முதலாளியம்மா திங்கட்கிழமை முதல் அரை நாள் வரச் சொல்லிவிட்டார். வெட்டும் மேஜையில் சாய்ந்து நிற்கலாம். முடியாதபோது உட்கார உயரமான ஸ்டூல் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. உங்களுக்குப் பாரமாகிவிட்டேன் என்று இந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று பெரிய மனதோடு சொன்னீர்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நீ கத்துறதுல என்னால தூங்கவே முடியல, மாத்திரையைக் கூட்டிக்கலாமா?" என்று. சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வேலையை விட்டு, காலையும் விட்டுக்கொடுத்து, உங்களைத் தூங்க வைத்திருப்பேன். அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை.

அங்கேயே இன்னும் ஒரு வருடம் இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் எழுதும்வரை நீங்கள் எழுத வேண்டாம். கூப்பிட்டால் வாருங்கள். கூப்பிடுவேனா என்று எனக்கே இன்று தெரியவில்லை.

உங்கள் மனைவி